கவலையும் ஸ்தோத்திரமும்: ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் மூன்று நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

நம் பிரசங்கபீடங்களில் எளிதாகச் சொல்லப்படுவதும், கேட்போரால் அரிதாகக் கைக்கொள்ளப்படுவதுமான போதனை ஒன்று உண்டு. கவலையை விட்டுவிடுங்கள், எல்லாவற்றிலும் கடவுளுக்கு நன்றி செலுத்துங்கள் என்பதே அது. இப்போதனை திருமறைக்கு இசைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் யார், யாரிடம், எந்த நிலையில் நின்று இதைச் சொல்லுகிறார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அதைக் கேட்கத் தூண்டிய ஒரு நிகழ்ச்சியையும், விடை தேடும் முயற்சியில் நான் மீண்டும் எடுத்துப் படித்த மூன்று நூல்களையும் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வினா எழுந்த விதம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையினால் தாமிரபரணி கரைபுரண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் வெளித்தொடர்பு அற்றுப்போய், அங்கே ரயிலில் வந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள எங்கள் சேரன்மகாதேவி வட்டாரம் அந்த அளவுக்கு அழிவைக் காணவில்லையாயினும், தாழ்ந்த இடத்து வீடுகள் சிலவற்றில் தண்ணீர் புகுந்தது.

அடுத்த ஞாயிறு 24ஆம் தேதி. அன்று காலை நான் மலைப்பிரசங்கத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து, ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிப் பிரசங்கித்தேன். பிரசங்கம் நன்றாக அமைந்தது என்றே எண்ணினேன். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில், பீடி சுற்றிப் பிழைக்கும் தாயார் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, நான் ஸ்தோத்திரம் சொல்லாம இல்ல. ஆனா கடையில வாங்கின இலை அம்புட்டும் நனைஞ்சு போச்சு. நாளைக்கு என்ன செய்யன்னு நெனைக்காம இருக்க முடியலையே. அது பாவமா ஐயா?" என்று கேட்டார்.

கொடுத்த இலைக்குக் கணக்குப்படி பீடி திரும்ப வரவேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்தம் உண்டு என்பது இவ்வட்டாரத்தார் அறிந்ததே. அவ்வம்மையார் கேட்டது தத்துவக் கேள்வியன்று. தம் விசுவாசம் குறைவுள்ளதோ என்ற அச்சத்தையும் நான் அவர் சுமையின்மேல் ஏற்றிவிட்டேன் என்பதே அதன் பொருள். நான் என்ன சொன்னேன்? "ஜெபம் பண்ணுங்கம்மா" என்றேன். அடுத்த ஊர்ச் சபையில் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. பிற்பகலில் கிறிஸ்து பிறப்புப் பாடல் பயிற்சி. மாலையில் கமிட்டிக் கூட்டம். ஆண்டிறுதிக் கணக்கு வேறு முடியவில்லை. கவலைப்படாதிருக்கும்படி பிரசங்கித்த நான், கவலையின் காரணமாகவே அக்கேள்விக்கு நின்று விடை கூறாமல் போனேன்.

2. சொல்லும் பொருளும்

1871ஆம் ஆண்டில் நிறைவுற்ற பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு, மத்தேயு ஆறாம் அதிகாரத்திலும், மார்த்தாளின் வரலாற்றிலும், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலும் 'கவலை' என்ற சொல்லையே ஆளுகிறது. இச்சொல்லுக்குப் பழந்தமிழில் வேறொரு பொருளும் உண்டு. பாலைத்திணைப் பாடல்களில் கவலை என்பது பிரிந்து பிரிந்து செல்லும் வழியைக் குறிக்கும். எவ்வழி செல்வது என்றறியாமல் வழிப்போக்கன் திகைத்து நிற்கும் இடம் அது. மனத்துன்பத்துக்கும் வழிப்பிரிவுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கியது சிந்திக்கத்தக்கது.

மூலமொழியில் இவ்விடங்களில் வரும் சொல் 'மெரிம்னா' என்பது. இதனைப் பங்கிடுதல் எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உளர். சொல்லாராய்ச்சியாளர் எல்லாரும் அதை ஏற்பதில்லை. எனினும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், உலகத்துக்குரியவற்றைப் பற்றிய கவலையைக் கூறிய உடனே, அத்தகையவன் பிளவுபட்டிருக்கிறான் என்று பவுல் இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து வைக்கிறார். ஆகவே சொற்பிறப்பு எதுவாயினும், கவலை என்பது பிளவுபட்ட உள்ளம் என்ற கருத்து அப்போஸ்தலனுக்கு உடன்பாடே எனலாம்.

இங்கு நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. அதே பவுல், அதே சொல்லை நற்பொருளிலும் ஆளுகிறார். பிலிப்பியரின் காரியங்களை உண்மையாய் விசாரிக்கத் தீமோத்தேயுவைப் போன்றவர் வேறொருவரும் இல்லை என்று இரண்டாம் அதிகாரத்தில் புகழுகிறார். அவ்விடத்திலும் இதே வினைச்சொல்லே வருகிறது. ஒரே சரீரத்தின் அவயவங்கள் ஒன்றைக்குறித்து ஒன்று கவலையாயிருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதுகையிலும் இதுவே. சபைகள் எல்லாவற்றையும் பற்றிய கவலை நாள்தோறும் தம்மை அழுத்துகிறது என்று இரண்டாம் நிருபத்தில் அவர் தம்மைக் குறித்தே அறிக்கையிடுகிறார். தன்னைப் பற்றியதாக இருக்கும்போது விலக்கப்படுகிற சொல், பிறரைப் பற்றியதாகும்போது கடமையாகக் கட்டளையிடப்படுகிறது. நம் போதனையை அளக்கும் கோலாக இவ்வேறுபாட்டைக் கொள்ளவேண்டும்.

மலைப்பிரசங்கத்தையும் இக்கோல்கொண்டு நோக்குவோம். கவலையை விலக்கும் பகுதிக்கு முன்னரே, அதே அதிகாரத்தில், அன்றாட உணவுக்காக வேண்டும்படி ஆண்டவர் கற்பிக்கிறார். ஆகவே நாளைய உணவு தேவை என்று உணர்வது பாவமன்று. அத்தேவையை வாய்விட்டுச் சொல்லும்படியே நாம் ஏவப்படுகிறோம். மேலும், பறவைகளைக் கூறுமிடத்தில் விதைப்பும் அறுப்பும், பூக்களைக் கூறுமிடத்தில் நூல் நூற்பதும் பேசப்படுகின்றன. வயலில் உழைத்த ஆடவரையும் வீட்டில் உழைத்த பெண்டிரையும் அவர் கண்முன் வைத்தே பேசினார். அவர் பேச்சு பன்மையில் அமைந்தது என்பதும் நோக்கத்தக்கது. ஒருவரைத் தனியே நிறுத்தி, உன் கவலையை நீயே அடக்கிக்கொள் என்று அவர் கூறவில்லை. கடவுளின் ஆட்சியை முதலாவது தேடும் ஒரு கூட்டத்தாரை நோக்கி, உங்களுக்குள் ஒருவரும் நாளையைக் குறித்து அஞ்சவேண்டாத வாழ்வு வாழுங்கள் என்கிறார்.

3. 'உள்ளது உள்ளபடி'

இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில் என் நினைவுக்கு வந்தவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். சேரன்மகாதேவியிலிருந்து தெற்கே களக்காடு செல்லும் சாலையில் போகிறவர்களுக்கு டோனாவூர் தொலைவன்று. ரேனியுஸ் ஐயர் காலத்தில் தோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் உதவியால் ஏற்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கும் ஊர் அது. 1867இல் அயர்லாந்தில் பிறந்த அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி மரிக்கும்வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. கோயிலுக்கு ஒப்படைக்கப்படும் ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளை 1901 முதல் ஏற்று வளர்த்த அவருடைய பணி யாவரும் அறிந்தது.

ஸ்தோத்திரத்தையும் அமைதியையும் பற்றிய அவருடைய வாசகங்கள் நாள்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இன்று உலகெங்கும் அச்சாகின்றன. இவ்வாறு துண்டுதுண்டாகப் படிப்பவர்கள் அவரை எக்காலத்தும் புன்னகையோடிருந்த ஒரு பக்தையாகவே காண்பார்கள். அவருடைய நூல்களை எழுதப்பட்ட வரிசையில் படிப்போர்க்கு வேறொருவர் தோன்றுவார்.

1903இல் வெளிவந்த 'திங்ஸ் அஸ் தே ஆர்' என்னும் நூலின் தலைப்பை 'உள்ளது உள்ளபடி' எனத் தமிழில் கூறலாம். தென்னிந்திய ஊழியத்தில் தாம் கண்ட தோல்விகளையும், சாதிக் கட்டுப்பாட்டின் கொடுமையையும், குழந்தைகளுக்கு நேர்ந்த அநியாயத்தையும் இந்நூலில் அவர் மறைக்காமல் எழுதினார். அக்காலத்து மிஷனெரி நூல்கள் வெற்றிச் செய்திகளையே விரும்பின. இந்நூலின் கையெழுத்துப் பிரதி முதலில் ஏற்கப்படாமல் திரும்பியது. வாசகரை ஊக்குவிப்பதாக இல்லை என்பதே குறை. வெளிவந்த பின்னரும் இதன் உண்மையைச் சிலர் ஐயுற்றமையால், பிந்திய பதிப்புகளில் தென்னிந்தியாவில் பணியாற்றிய வேறு மிஷனெரிகளின் உறுதியுரைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நம் பொருளுக்கு இந்நூல் எவ்வகையில் உதவும்? ஸ்தோத்திரம் என்பது பொய் சொல்லுவதன்று என்பதை இது நிலைநாட்டுகிறது. ஊழிய அறிக்கைகளில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதும் வழக்கம் 1903இல் மட்டும் இருந்ததன்று. இன்றும் நம்மிடையே உண்டு. சாட்சிக் கூட்டங்களில் வேலை கிடைத்தவர் பேசுகிறார். கிடைக்காதவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நோய் நீங்கியவர் மேடையேறுகிறார், நீங்காதவர் வீட்டிலிருக்கிறார். இதனால் நன்றி என்பது நலம்பெற்றவர்களின் மொழியாகச் சுருங்கிவிடுகிறது. உள்ளதை உள்ளபடி கூறத் துணியாத சபையில் நன்றி கூறுதலுக்கும் மதிப்பில்லை. திருப்பாடல்களில் புலம்பலும் துதியும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பதன் காரணமும் இதுவே.

4. 'மகிழ்ச்சியின் மிகுபாரம்'

மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1906இல், 'ஓவர்வெயிட்ஸ் ஆஃப் ஜாய்' வெளிவந்தது. 'மகிழ்ச்சியின் மிகுபாரம்' என இதனைக் கூறலாம். முந்திய நூலுக்கு இது எதிர்நூலன்று, இணைநூல். துலாக்கோலின் ஒரு தட்டில் முன்னே வைத்த துயரங்களை அவர் எடுத்துவிடவில்லை. அவை அங்கேயே இருக்க, மறுதட்டில் மகிழ்ச்சியை வைக்கிறார். மகிழ்ச்சியின் தட்டே தாழ்கிறது என்பது தலைப்பின் கருத்து. கவலையை விடுத்து நன்றியைத் தெரிந்துகொள்ளுதல் என்று நாம் கூறுவதற்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது. தெரிந்துகொள்ளுதல் என்றால் இரண்டும் கண்முன் இருக்கவேண்டும். ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பது தெரிவாகாது.

இரண்டாம் நூலை மட்டும் படிப்பவர் அவரை எளிய உற்சாகியாகவும், முதல் நூலை மட்டும் படிப்பவர் கசந்த உள்ளத்தினராகவும் கொள்ளக்கூடும். 1903க்குப் பின்னரே 1906 வந்தது என்பதை மறவாதிருப்பதே முறையான வாசிப்பு. நம் பிரசங்கங்களில் பல, முதல் நூலை எழுதாமலே இரண்டாம் நூலை எழுதப் புகுந்தவை. என் டிசம்பர் மாதப் பிரசங்கமும் அத்தகையதே. வெள்ளம் வந்த அடுத்த ஞாயிறு, வெள்ளத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் கூறிவிட்டுப் பறவைகளிடம் போய்விட்டேன்.

5. 'முட்செடியின் ரோஜா'

1931ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, களக்காட்டில் மருத்துவப் பணிக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், இருளில் புதிதாகத் தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்தார். காலெலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று யாவரும் எண்ணினார்கள். ஆனால் அதன்பின் வாழ்ந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளையும் அவர் பெரும்பாலும் தம் அறையிலும் கட்டிலிலுமே கழிக்கவேண்டியதாயிற்று. ஓயாது நடந்தும் மாட்டுவண்டியில் பயணம் செய்தும் பணியாற்றியவருக்கு நேர்ந்த நிலை இது.

இந்நிலையில் எழுதப்பட்டு 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்னும் நூல், நோயாளிகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களின் தொகுப்பு. தலைப்பை 'முட்செடியின் ரோஜா' எனலாம். நோயாளிகளைத் தேற்றுவதற்கென நலமுள்ளவர்கள் எழுதிய சிறுநூல்கள் அவருக்கு அனுப்பப்பட்டன. அவை தம் வேதனையைத் தொடவில்லை என்று அவர் கண்டார். ஆகவே நோயுற்றவர் நோயுற்றவருக்கு எழுதும் நூலொன்று வேண்டும் எனத் துணிந்தார். நோயின் காரணத்தை விளக்குவதைவிட, நோயாளியின் அருகில் இருப்பதையே இந்நூல் தன் பணியாகக் கொள்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்லவர்களாகவே இருந்தார்கள். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இந்நூல் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் அதன் இருப்பிடமே. ஏற்றுக்கொள்ளுதலையும் நன்றியையும் அவர் போதிக்கிறார். ஆனால் படுக்கையிலிருந்து படுக்கைக்குப் போதிக்கிறார். மேலிருந்து கீழ்நோக்கி அவர் பேசவில்லை. பவுல் பிலிப்பியருக்குக் கவலையை விலக்கி நன்றியை வலியுறுத்தியதும் சிறையிலிருந்தே. நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். திருவிருந்து நடத்தும்போதெல்லாம் அந்த இரவை நாம் குறிப்பிடுகிறோம். ஆனால் நன்றி கூறுதல் எத்தகைய வேளையில் நடந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. துயரம் தீர்ந்தபின் செலுத்தும் நன்றியும் நன்றிதான். ஆனால் திருச்சபை தன் நடுவில் வைத்திருக்கும் நன்றி, துயரம் தொடங்கிய இரவில் செலுத்தப்பட்டது.

6. குறைகளும் வரம்புகளும்

அம்மையாரின் நூல்களைப் போற்றுவதோடு நின்றுவிடுவது மதிப்பீடாகாது. அவற்றின் வரம்புகளையும் கூறவேண்டும்.

முதலாவது, அவர் காலத்து மிஷனெரிகள் பலரைப்போல் அவரும் நம் நாட்டாரின் சமயவாழ்வை இருளுக்கும் ஒளிக்கும் நடக்கும் போராகவே வருணிக்கிறார். பிற சமயத்து அயலாரோடு ஒரே தெருவில், ஒரே வாய்க்கால் நீரில் வாழும் நமக்கு அம்மொழி முழுவதும் பொருந்தாது. வெள்ளத்தின்போது நமக்குக் கைகொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது, டோனாவூர்ப் பணியில் யாரிடமும் பணம் கேட்பதில்லை. தேவையைக் கடவுளிடம் மட்டுமே கூறுவது என்ற நியமம் கைக்கொள்ளப்பட்டது. பணியாளருக்கு அது உயர்ந்த விசுவாச ஒழுக்கம். ஆனால் அதைக் கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுவது தவறு. தேவையை மனிதரிடம் சொல்லாதிருப்பது ஒரு ஸ்தாபனத்துக்கு விசுவாசமாகலாம். ஏழைக்கு அது பட்டினி. எங்கள் சபையில் கஷ்டத்தை வெளியில் சொன்னால் விசுவாசக் குறைவு என்று எண்ணி ஒளித்து வாழ்வோர் பலர். இந்த எண்ணத்தை வளர்த்ததில் நம் போதனைக்கும் பங்குண்டு.

மூன்றாவது, நோயைப் பற்றி எழுதியது கூலியையும் கடனையும் பற்றி எழுதியதாகாது. அம்மையாரைச் சுற்றி அவரை அன்போடு பேணிய ஒரு பெருங்குடும்பம் இருந்தது. அவருடைய வேதனை மெய்யானது. ஆனால் அடுத்த வேளை உணவு யார் தருவார் என்பது அவ்வறையின் கேள்வியன்று. ஆகவே 'முட்செடியின் ரோஜா' கூறும் ஏற்றுக்கொள்ளுதலை, மனிதரால் விளையும் துன்பங்களுக்கு அப்படியே எடுத்துப் பொருத்தலாகாது.

ஆனால் இம்மூன்றாம் குறைக்கு விடையும் அவர் வாழ்விலேயே இருக்கிறது. தம் படுக்கையை ஏற்றுக்கொண்ட அதே அம்மையார், குழந்தைகளின் அடிமைநிலையை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது காலங்காலமாக நடப்பது, கடவுளின் சித்தம் என்று அமைதி கூறியவர்களுக்கு அவர் செவிகொடுக்கவில்லை. வெயிலில் வெகுதூரம் பயணம் செய்து தேடினார். வழக்குகளையும் எதிர்த்து நின்றார். கோயிலுக்குப் பெண்களை ஒப்படைப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலிய பலர் சட்டமன்றத்திலும் வெளியிலும் நடத்திய நெடும்போராட்டத்தின் பயன் அது. டோனாவூரின் பணி அதற்கு முந்திய வேறொரு கிளை. தம்முடைய துன்பத்துக்கு அவர் கூறிய ஆமென் வேறு; பிறருடைய துன்பத்துக்கு அவர் கூறிய இல்லை என்பது வேறு. தன் துன்பத்தை நன்றியோடு ஏற்பது விசுவாசம். பிறன் துன்பத்தை நன்றியோடு ஏற்பது அசட்டை.

நாம் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். சேகரத்தின் பங்குத்தொகை, கட்டட நிதி, மாறுதல், தேர்தல், நம் பிள்ளைகளின் படிப்பு ஆகிய நம்முடைய காரியங்களில் நாம் இரவும் பகலும் கவலைப்படுகிறோம். சபையாரின் காரியங்கள் வரும்போது ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்கிறோம். பவுல் ஆண்ட அச்சொல்லின் இரு பொருள்களையும் இடம்மாற்றி வைத்துவிட்டோம். நமக்கு விலக்கப்பட்ட கவலையை நாம் வைத்துக்கொண்டோம். நமக்குக் கட்டளையிடப்பட்ட கவலையை விட்டுவிட்டோம்.

7. ஊழியருக்கு இது கூறுவது

இறையியல் மாணவர்கள் இதிலிருந்து மூன்று காரியங்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்று, இப்பகுதிகளைப் பிரசங்கிக்குமுன், சபையில் யார் எதைக் குறித்துக் கவலைப்படுகிறார்கள் என்று அறிந்துகொள்ளவேண்டும். வீடுகளைச் சந்திக்காமல் எழுதும் பிரசங்கம், அம்மையாருக்கு அனுப்பப்பட்ட சிறுநூல்களைப்போல் எவரையும் தொடாமல் போகும். மார்த்தாளின் வரலாற்றில் கண்டிக்கப்படுவது சமையல் வேலையன்று. பல வேலைகளால் இழுக்கப்பட்டு, வந்த விருந்தினரின் முகத்தை நோக்க நேரமில்லாமற்போன நிலை. பல சபைகளை ஒருவரே பார்க்கும் சேகரங்களில் அவ்வீட்டு அடுக்களை எப்படியிருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வேலைகளில் சிலவற்றைச் சபையாரிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் நிற்கக் கற்றுக்கொள்வதே கவலைக்கு விரோதமான நம் முதற்செயலாகும்.

இரண்டு, நன்றி செலுத்துதலை உணர்ச்சியாக அன்றி ஒழுங்காகக் கற்பிக்கவேண்டும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கத்தை நம் தாய்மார் கைக்கொண்டார்கள். 'உள்ளது உள்ளபடி' வெளிவந்த அதே 1903ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் அசரியா முதலியோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைய திருநெல்வேலிச் சபையார் செல்வர் அல்லர். இத்தகைய சிறு காணிக்கைகளே அவர்களுடைய பெரும் முயற்சிகளைத் தாங்கின. கைப்பிடி அரிசி எடுக்கப்படுவது, குடும்பத்துக்குப் போதுமா என்று தாய் அளந்து பார்க்கும் அதே நேரத்தில். வழி பிரியும் இடத்தில் நின்று அவள் ஒரு வழியைத் தெரிந்துகொள்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலக்குரலைக் கேட்டு மகிழும் நாம், நாள்தோறும் அடுப்பங்கரையில் நடந்த இந்த ஸ்தோத்திரத்தை மறந்துவருகிறோம்.

மூன்று, இந்த நன்றி பிறருக்கு உணவாகவேண்டும். ஸ்தோத்திரத்தின் சான்று, ஸ்தோத்திரம் செய்தவரின் அமைதியில் மட்டுமன்று, அவர் அயலாரின் கவலை குறைந்ததா என்பதிலும் இருக்கிறது. ஆதித் திருச்சபையில் குறைவுபட்டவர் ஒருவரும் இருந்ததில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரம் கூறுகிறது. மலைப்பிரசங்கத்தின் வாக்குத்தத்தம் நிறைவேறிய வகை அதுவே. பரமபிதா தம் பிள்ளைகளைப் போஷிக்கிறார். பெரும்பாலும் தம் பிள்ளைகளின் கைகளால் போஷிக்கிறார்.

முடிவுரை

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை முடிந்து, ஆண்டிறுதி ஆராதனையும் முடிந்தபின், ஜனவரி முதல் வாரத்தில் நான் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் கேட்டது பாவமன்று என்று சொல்லவே போனேன். மலைப்பிரசங்கம், பவுலின் நிருபங்கள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எனக்கு முன்னரே போயிருந்தார்கள். கைப்பிடி அரிசியிலிருந்து அளந்து கொடுத்திருந்தார்கள். நனைந்த இலைக்கு ஈடாகக் கடைக்குச் செலுத்தவேண்டிய தொகையில் ஒரு பகுதியைத் தங்களுக்குள் பிரித்து ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது.

நான் சொல்லவந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்பம் கவல கொறைஞ்சிருக்கு ஐயா" என்றார். நீங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அக்குறைவுக்குக் காரணம் என் விளக்கமன்று என்பதையும் நான் அறிவேன். பின்னர் அவரே ஜெபத்தைத் தொடங்கி, நனைந்த இலையையும் கொடுக்கவேண்டிய கடனையும் ஒன்றும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லி, உதவிய ஒவ்வொருவர் பெயரையும் கூறி ஸ்தோத்திரம் செலுத்தினார். அம்மையாரின் மூன்று நூல்களையும் அவர் படித்ததில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி கூறி, மகிழ்ச்சியை மறுதட்டில் வைத்து, வேதனையின் நடுவிலிருந்தே நன்றி கூறும் அந்த வரிசை அவர் ஜெபத்தில் தவறாமல் இருந்தது. நாம் கற்பிக்கவேண்டிய பாடத்தை நம் சபைகளில் ஏற்கெனவே சிலர் கைக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு, நமக்குரிய கவலையை விட்டு, அவர்களுக்குரிய கவலையில் பங்குகொள்ள ஆண்டவர் நமக்கு உதவிசெய்வாராக.